மேரிக்குப் போய்ச் சொல்லிவிடு

இந்த நாட்டுக்காரர்கள் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுக் கைதட்டுகிறார்கள். வந்து ஐந்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பாண்டிச்சேரிப் பக்கம், வில்லியனூரில் எங்கள் தெருவில் மெழுகுவத்தி என்றால் ஏற்றுவதற்குத்தான். மாதா சுரூபத்தின் முன்னால் ஏற்றுவோம், இல்லாவிட்டால் கல்லறையின் தலைமாட்டில் ஏற்றுவோம். வாயால் ஊதினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். இங்கே, பாரீசுக்கு வடக்கே ஒரு சிற்றூரின் பழைய பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதாம் ழான் சென்ற சனவரியில் ஒரு மாலை கையில் கேக்குடன் வந்து கதவைத் தட்டினார். கேக்கின்மேல் இருபத்தெட்டு மெழுகுவத்திகள். எப்போதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உதவியபோது என் பிறந்த தேதியைப் பார்த்து மனத்தில் வைத்திருந்தாராம். "ஊதுங்கள் ரோசலி, ஒரே மூச்சில்!" என்றார். என் கணவர் அருளப்பன் சிரித்துக்கொண்டு நின்றார். மூன்று வயது மகள் கைதட்டத் தயாராக இருந்தாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். ஏனென்றால் அந்தத் தேதியில் பிறந்தவள் நான் அல்ல. அந்த இருபத்தெட்டில் இரண்டு மெழுகுவத்திகள் எனக்குச் சேர்ந்தவை அல்ல.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "இன்று என் அக்காளின் நாள்" என்று அரைகுறைப் பிரெஞ்சில் உளறிவிட்டேன். மதாம் ழான் கண்ணை அகல விரித்து, "ழுமெல்!" என்று கூவினார். இரட்டைப் பிறவி என்று அர்த்தம். நான் தலையை ஆட்டிவைத்தேன். அன்றிலிருந்து படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "உங்கள் இரட்டை எப்படி இருக்கிறாள்?" என்று விசாரிக்கிறார். "சுகமாக இருக்கிறாள், மதாம்" என்கிறேன். செத்து இருபத்தேழு வருடமானவளைச் சுகம் என்று சொல்லிவிட்டு மாடி ஏறுகிறேன். அருளப்பனுக்கு என் பிரெஞ்சின்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். ஏதோ ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் அவரைத் திருத்தவில்லை.

எங்கள் பகுதி மிகப் பழையது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய கல் பாவிய சந்துகள், கரி அப்பிய சுவர்கள், சன்னலில் பூனையோடு உட்கார்ந்திருக்கும் கிழவிகள். ரொட்டிக் கடைக்குப் போக நேர் வழி சதுக்கம் வழியாகத்தான். நான் போவதோ கசாப்புக் கடைச் சந்தில் சுற்றி. சதுக்கத்தில் மூவண்ணக் கொடி கட்டிய நகராட்சி அலுவலகம் இருக்கிறது. அதற்கு இங்கே 'மேரி' என்று பெயர். என் பெயரும் பிறந்த தேதியும் அதற்குள் ஏதோ ஒரு கோப்பில் இருக்கின்றன. அந்த வாசலில் நிற்கும் தொப்பிக்காரர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ யார்?" என்று கேட்டுவிடுவார் என்று பயம். சிரிப்பீர்கள். சிரியுங்கள். மேரி என்ற சொல்லை இந்த நாட்டில் வந்து நான் கற்றுக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் வில்லியனூரிலும் ஒரு மேரி இருந்தது. பிறப்பு, சாவு, கல்யாணம் மூன்றும் அங்கேதான் எழுதப்படும். அந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்ததுதான் எங்கள் குடும்பத்தின் கதை.

எங்கள் தெரு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் சந்தைக்குப் போகும் வழி. காலை ரயில் ஊதினால் ஆண்கள் டவுனுக்கு வேலைக்குக் கிளம்புவார்கள். கேட் மூடியிருக்கும்போது கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். நாங்கள் பின்பக்கமாகப் போய் ஆளுக்கொரு கரும்பை உருவுவோம். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே திட்டுவார். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் ஐந்து வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் சண்டை என்றால் அடுத்த வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்தத் தெருவில் மறைக்கக்கூடியது என்று எதுவும் கிடையாது.

அப்பா டவுனில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரர். ஞாயிறன்று மட்டும் வீட்டுக்கு வருவார். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் இருந்த சீமை. அங்கே பெண் பிள்ளைகளுக்கு மேரி என்றுதான் பெயர் வைப்பார்கள். அவர்கள் ஊர்க் கோயிலும் மேரி மாதா கோயில். அம்மாவுக்கு மேரி என்றால் ஒரே ஒரு மேரிதான். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை. முதல் குழந்தை ரோசலி எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். கைக்குழந்தை என்பதால் யாரும் காகிதம் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அப்பா வேலைக்குப் போக வேண்டும். வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்: "நாலு நாளுக்குள்ள மேரிக்குப் போயி சொல்லிட்டு வந்துடு. வுட்டுடாத."

அம்மா அன்று பகலே போனாள். கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, பிள்ளையின் பெயரைச் சொல்லி, காய்ச்சல் வந்த நாளைச் சொல்லி, மூச்சு நின்ற நேரத்தைச் சொல்லி, ஒரு திரி ஏற்றி வைத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா, "மேரியில சொல்லிட்டியா?" என்று கேட்டதற்கு, "சொல்லிட்டன்" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பேச முடியாத துக்கம் அது.

ஒன்றரை வருடம் கழித்து நான் பிறந்தேன். போன பிள்ளையே திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கும் ரோசலி என்றே பெயர் வைத்தார்கள். அப்பா எழுதிவைக்க மேரிக்குப் போனார். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, ரோசலின்னு ஒனக்கு ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்குதே, ரெண்டு வயசுல. அதே பேரா இன்னொண்ணுக்கும்?" என்று கேட்டாராம். சாவைச் சொல்லாமல் மறைத்தது, காகிதம் இல்லாமல் புதைத்தது, இரண்டுக்கும் சேர்த்துப் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். "இல்ல மிசியே, நான் தப்பா வந்துட்டன்" என்று ஏதோ சொல்லிவிட்டு ஓடி வந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தியது தெருவுக்கே கேட்டது.

"மேரியில சொன்னேன்னியே, சொன்னியா இல்லியா?"

"சொன்னனே! முட்டி போட்டு அழுதுகினே சொன்னன்."

"யார்கிட்ட சொன்ன?"

"மேரிகிட்டதான்!"

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாராம். பிறகு அழுதாராம். கடைசியில், "இருக்கட்டும், இவளே அவளா இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அப்படித்தான் நான் பிறக்கும்போதே இரண்டு வயதுக்காரி ஆனேன். என்னை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதவில்லை. நான்கு வயதில் ஆறு வயதுக்காரியாகப் பள்ளிக்கூடம் போனேன். எல்லாரையும்விடக் குட்டையாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "உங்க வூட்டுல சோறே போட மாட்டாங்களா?" என்று டீச்சர் கேட்பார். நான் மூக்கை உறிஞ்சுவேன்.

ஒவ்வொரு சனவரியிலும் அந்தத் தேதியில் அம்மா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவாள். வேலியோரம் நாலு செங்கல், ஒரு மரச் சிலுவை. பக்கத்துச் சிலுவைகளில் எல்லாம் பெயர் எழுதியிருக்கும், அதில் மட்டும் இருக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற வயதில் ஏன் என்று கேட்டேன். "பேரத்தான் உனக்குக் குடுத்துட்டமே" என்றாள் அம்மா. அன்றைக்குத்தான் முழுக் கதையும் சொன்னாள். அன்று இரவு எனக்குக் காய்ச்சல் வந்தது. என் பெயரைக் கேட்டுக்கொண்டு ஒரு சின்னக் கை மண்ணுக்குள்ளிருந்து நீள்வதாகப் பல நாள் பயந்திருக்கிறேன். இன்றும் யாராவது பின்னாலிருந்து 'ரோசலி' என்று கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டேன்.

அறுபத்திரண்டில் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு ஆறு மாதக் கெடு வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கலாம், இல்லையென்றால் இந்தியர். அப்பா பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளை என்ற இடத்தில் பதிவேட்டில் இருந்த ரோசலியை எழுதினார். கையெழுத்துப் போடும்போது அவருக்குப் பேனா வழுக்கியது என்று அம்மா சொல்வாள். ஆக, செத்தவள் பிரெஞ்சுக்காரி ஆனாள், அவள் பெயரில் நானும் ஆனேன். சில வருடங்களில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இந்த முறை அம்மா சரியான மேரிக்குப் போனாள்.

தெரு முழுவதற்கும் என் உண்மையான வயது தெரியும். எதிர் வீட்டுச் சவேரியம்மாளுக்குத் தெரு முழுவதற்கும் சேர்த்துத் தெரியும். ஒரு கோடையில் குழாயடியில் குடத்தை முன்னால் நகர்த்திய தகராறில் அம்மாவைப் பார்த்து அவள் கத்தினாள்: "செத்த புள்ளயோட சீட்ட வச்சிக்கினு சீமைக்குப் போவப் பாக்குறீங்களா? ஒரே ஒரு காயிதம் எழுதிப் போட்டன்னா தெரியும் சேதி!" அம்மா குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். எனக்கு அப்போது பதின்மூன்று, சீட்டின்படி, அதாவது பிறப்புக் காகிதத்தின்படி, பதினைந்து. அன்றிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சவேரியம்மாள் காகிதம் எதுவும் எழுதவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

பிரெஞ்சுச் சீட்டு உள்ள பெண் என்றால் எங்கள் பக்கம் கிராக்கி அதிகம். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து அருளப்பன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது என் முகத்தை அரை நிமிடமும் பிறப்புப் பத்திரத்தை அரை மணி நேரமும் பார்த்தார்கள். ஒரே ஒரு குறைதான் அவர்களுக்கு. பத்திரத்தின்படி நான் மாப்பிள்ளையைவிட ஒரு வயது மூத்தவள். அவருடைய அம்மா தனியாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சரி என்றார். நான் அவரைவிட ஒரு வயது சின்னவள் என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் சீட்டு போகும், சீட்டு போனால் மாப்பிள்ளையும் போவார். வாயை மூடிக்கொண்டு காப்பி கொடுத்தேன். கிளம்பும் நாளில் சவேரியம்மாள் ஒரு பொட்டலம் கருவாட்டுப் பொடியோடு வந்து, என் கன்னத்தை நிமிண்டி, "தெகிரியமாப் போடி. இந்தத் தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்" என்றாள். அவளை மாதிரி ஒருத்தி இந்த நாட்டில் எனக்கு இல்லை. இங்கே எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கேக் வந்த சனவரிக்கு அடுத்த மாதம் அம்மாவின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. சவேரியம்மாளின் மகள், அம்மா சொல்லச் சொல்ல ஒரு சொல் மாற்றாமல் எழுதுவாள். அதில் இப்படி இருந்தது: "நெஞ்சு வலி ரெண்டு வாட்டி வந்து போயிடுச்சி. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட எல்லாத்தியும் சொல்லிட்டன். ஆனாலும் மனசு ஆற மாட்டேங்குது. என்னால அந்தப் புள்ள கணக்குல இன்னும் சாவாம கெடக்குது. நான் கண்ண மூடுறதுக்குள்ள அத ஒயுங்கா சாவ வைக்கணும். வர்ற திங்கக்கெழம மேரிக்குப் போயி சொல்லிடலாம்னு இருக்கன். நீ பயப்படாத." கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

பயப்படாதே என்று எழுதியிருந்தாள்! அக்காள் அங்கே செத்த அந்தக் கணமே நான் இங்கே யாருமில்லை. என் குடியுரிமை அவளுடையது. அருளப்பன் இங்கே இருப்பது என்னால், மகள் பிரெஞ்சுக்காரியாகப் பிறந்ததும் என்னால். ஒரு கிழிந்த பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் மூன்று பேரும் கீழே விழுவோம். தந்தி அடிக்கலாமென்றால், 'சொல்லாதே' என்ற ஒரு சொல்லைத் தபாலாபீசிலிருந்து தெருமுனை வரைக்கும் எல்லாரும் படிப்பார்கள். பாலைப் பொங்க விட்டேன், மகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு காலை இரண்டு போலீஸ்காரர்கள் எங்கள் படிக்கட்டில் ஏறி வரும் சத்தம் கேட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் தாழ்போட்டு நின்றேன். மகளுக்குச் சட்டை போடவில்லையே, இப்படியே கூட்டிப் போவார்களா என்றுதான் அந்த நேரத்தில் யோசித்தேன். அவர்கள் மேல் மாடியில் சைக்கிள் திருட்டு ஒன்றை விசாரித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

அருளப்பன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து மதியம் வந்தபோது நான் இன்னும் குளியலறைத் தரையில்தான் இருந்தேன். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேரி, மாதா, செங்கல், சிலுவை, சீட்டு, ஒன்று விடாமல். அடிப்பாரோ, கிளம்பிப் போய்விடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டார்:

"அப்ப நீ என்னைவிடச் சின்னவளா?"

"ஆமாங்க. ஒரு வயசு."

"அடிப்பாவி! எங்கம்மா எத்தினி நாள் அழுதாங்க தெரியுமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை அவர் அலமாரியைத் திறந்து எங்கள் காகிதங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி அதே வரிசையில் அடுக்கி வைத்ததைப் பார்த்தேன். அதுவரை நான் ஒருத்தி பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் பயந்தோம்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. நான் பிரிக்கவில்லை. அருளப்பன்தான் பிரித்துப் படித்தார். அம்மா சொல்லியிருந்தது இது:

"திங்கக்கெழம போனன். பழைய மேரிக் கட்டடம் பூட்டிக் கெடக்குது. டீக்கடையில நாலு புள்ளைங்க குந்திக்கினு இருந்துச்சிங்க. மேரிய எங்கப்பா மாத்திட்டாங்கன்னு கேட்டன். மேரியா? இன்னாம்மா, மாதா கோயிலக் கேக்குறியா? அது எங்கியும் போவல, அங்கியேதான் இருக்குதுன்னு கையக் காட்டுதுங்க. இல்லப்பா, சாவு எழுதுவாங்களே அந்த மேரின்னு சொன்னன். ஒண்ணுக்கும் வெளங்கல. கொம்யூன் ஆபீசுன்னு சொல்லணுமாம் இப்ப. எனக்கு அந்தப் பேரு அப்ப வாயில வரல. அதுல ஒரு பொண்ணு என் கையப் புடிச்சி ரோட்டத் தாண்டிக் கூட்டிக்கினு போயி கோயில் வாசல்ல வுட்டுட்டுப் போயிட்டா. நான் இன்னா பண்ணுவன்? உள்ள போயி குந்தினன். அன்னிக்கும் இங்கதான சொன்னன், இன்னிக்கும் இங்கியே சொல்லிட்டன். சாவு எழுதுற மேரிக்கு நான் இனிமே போவல. அவ பேரு உங்கிட்டயே இருக்கட்டும். பத்தரமா வச்சிக்கோ."

அருளப்பன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். நான் வாய்விட்டு அழுதேன். அந்த ஊருக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தெரிந்துகொண்டு போய் நின்றபோது ஊருக்குத் தெரியவில்லை. அந்த டீக்கடைப் பிள்ளைகளுக்கு இன்றுவரை தாங்கள் யாரைக் காப்பாற்றினோம் என்று தெரியாது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அம்மாவுக்கு மறுபடி மனசு ஆறாமல் போகலாம். 'கொம்யூன் ஆபீஸ்' என்ற சொல் ஒரு நாள் சரியான நேரத்தில் அவள் வாயில் வந்துவிடலாம். நான் இன்னும் கசாப்புக் கடைச் சந்தில்தான் சுற்றிப் போகிறேன்.

இந்தச் சனவரியும் மதாம் ழான் கேக்கோடு வந்தார். இருபத்தொன்பது மெழுகுவத்திகள். கூடவே ஒரு சின்னத் தட்டு, இரட்டைக்கு அனுப்ப ஒரு துண்டு எடுத்து வைக்க வேண்டுமாம். கேக்கைப் பாரீசிலிருந்து பாண்டிச்சேரிக்கு எப்படி அனுப்புவது என்று அவரிடம் யார் சொல்வது? வில்லியனூரில் மணி இங்கிருப்பதைவிட நாலரை மணி நேரம் முந்திப் போகும். அம்மா சாயங்காலமே வேலியோரம் அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் திரி ஏற்றிவிட்டு வீடு திரும்பியிருப்பாள். அதே பெயருக்கு அங்கே ஏற்றுகிறார்கள், இங்கே அணைக்கச் சொல்கிறார்கள்.

மூச்சை இழுத்து ஊதினேன். இரண்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தன. மூச்சு போதவில்லை என்று நினைத்து மதாம் ழான் சிரித்தார். "ஊதுங்கள், ஊதுங்கள், மெழுகு கேக்கில் வடிகிறது!" என்றார். மகள் உதவிக்கு வாயைக் குவித்துக்கொண்டு குனிந்தாள். அருளப்பன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "வுடும்மா, அது பெரியம்மாவோடது" என்றார்.

அவை தானாக அடங்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கேக்கை வெட்டித் தின்றோம். மெழுகு படிந்த பக்கத்தை யாரும் தொடவில்லை.